படகு தட்டி நின்ற இடம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ல’ போட வேண்டும் என்று இன்றைக்கும் தடுமாறுகிறேன். செயலாளர் தம்பி எல்லாவற்றையும் திருத்தி அச்சுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தைத் திருத்தட்டும். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

நம்முடைய மரண சகாய சங்கக் கூட்டங்களில் நான் வாய் திறந்ததில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கதிரை அடுக்குவேன், பந்தலுக்குக் கம்பு நடுவேன், தேத்தண்ணிக் கோப்பை கழுவுவேன். கடை மாமி மௌத்தானபோது அந்தச் சாவு வீட்டுக்கும் நம் கதிரைகள் போயின. மாமியைப் பற்றிச் சங்க மலரில் ஒரு பக்கமாவது வர வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நீங்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். மாமியோடு முன்பு படகில் போனவர்களில் இப்போது மிச்சம் நானும் அக்காவும்தான். அக்கா நாவலப்பிட்டியில் பேரப்பிள்ளை வளர்க்கிறாள். “நீயே எழுதுடா, எனக்கு நெனச்சாலே நெஞ்சு அடைக்குது” என்று சொல்லிவிட்டாள்.

மஹய்யாவையில் நம் சந்தியில் இருந்த சில்லறைக் கடையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வாசலில் கருவாட்டுச் சாக்கு, உள்ளே மண்ணெண்ணெய் வாசனை, காசுப் பெட்டிக்குப் பின்னால் வெள்ளைத் தொப்பியோடு கடை மாமா. பெரியவர்கள் முதலாளி என்பார்கள். அப்பா மட்டும் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவார். அவர்கள் கண்டியில் பிறந்தவர்கள் அல்ல. அணைக்கட்டுக்காகத் தண்ணீரில் போன பழைய பட்டணத்தில் அவர்களுக்கு வீடும் கடையும் இருந்தன. தண்ணீர் ஏறுவதற்கு முன் கடையைக் கழற்றி, பலகைக் கதவுகளையெல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஒன்றை மட்டும் கொண்டுவரவில்லை. ஒரு வயது நிறையாமல் இறந்த அவர்களுடைய ஆண் பிள்ளை அந்த ஊர் மையவாடியில், பள்ளிவாசல் அடக்க நிலத்தில், கிடந்தது.

பிள்ளையின் எலும்பையாவது எடுத்து வந்து கண்டியில் அடக்கலாம் என்று மாமி அழுதாராம். அடக்கிய உடலைத் தோண்டக் கூடாது, அது தூங்கட்டும் என்று மாமா மறுத்துவிட்டார். மார்க்கப்படி அவர் சொன்னது சரி என்றே எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் தண்ணீர் ஏறியது. மாமிக்குப் பேச்சுக் குறைந்தது என்றார்கள். புருஷனுக்குச் சோறு வைப்பார், சட்டை தோய்த்துப் போடுவார். ஆனால் அவர் கேட்டதற்குப் பதில் வராது. கண்டிச் சந்தையில் அந்த நீர்த்தேக்கத்து மீன் மலிவாக வந்து குவியும் காலம் அது. மாமி அந்த மீனை வீட்டு வாசலுக்குள் விட்டதில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

மாமிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பிள்ளை கிடக்கும் இடத்தில் ஒரு தடவை நின்று ஸலாம் சொல்ல வேண்டும். அது நடந்தால் அவர் பழையபடி ஆகிவிடுவார் என்று மாமா நம்பினார். என் பெற்றோரும் நம்பினார்கள்.

அதற்காகத்தான் மாமா படகு கட்டினார். இப்போது படகு வீடு என்றால் என் பிள்ளைகள் கைபேசியில் காட்டுகிறார்கள், மெத்தையும் குளிரூட்டியுமாக இருக்கிறது. எங்கள் படகு வேறு மாதிரி. நீர்த்தேக்கத்தில் வலை போடும் ஒரு சிங்களவர், நாங்கள் மீன்கார அய்யா என்போம், அவருடைய உதவியோடு எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாகக் கட்டி, அதன் மேல் பழைய கடையின் பலகைக் கதவுகளைத் தளமாக அடித்திருந்தார். மேலே தகரக் கூரை, பக்கங்களில் சாக்குத் திரை, பின்மூலையில் மண் நிரப்பிய பெட்டியில் அடுப்பு. கடைப் பலகைகளில் எது எதற்கு அடுத்தது என்று தெரிய எண் எழுதியிருப்பார்கள் அல்லவா? அந்த எண்கள் மாறி மாறிக் கிடந்தன. ஏழுக்குப் பக்கத்தில் இரண்டு, அதற்குப் பக்கத்தில் தலைகீழாக நான்கு. அக்காவும் நானும் அதில் பாண்டி ஆடினோம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். கண்டிப் பெரஹெர ஊர்வலம் முடிந்த கையோடு, எங்கள் வீட்டார் எல்லோரும் மாமா மாமியோடு போனோம். பெரஹெர நாட்களில் யானைச் சாணி அள்ளி நகரசபைக்காரர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். அது முடிந்துதான் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் லீவு கிடைத்தது. பள்ளி விடுமுறையும் இருந்தது. ஊரில் கேட்டவர்களிடம் “உல்லாசப் பயணம்” என்று சித்தப்பா சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“சீமான்க எல்லாம் எங்க போறீங்க?” என்று பஸ்ஸில் ஒருவர் கேட்டார்.

“கப்பல்ல போறோம்ங்க. சாணி அள்ளின கைய உப்புத் தண்ணியில கழுவணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு” என்றார் சித்தப்பா.

“அங்க ஏதுங்க உப்புத் தண்ணி?”

“அதான் கருவாட்டுக் கட முதலாளியக் கூட்டிட்டுப் போறோம்ல.”

பஸ்ஸே சிரித்தது. மாமா கூடச் சிரித்தார். மாமி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மடியில் ஒரு சிறிய துணிப் பொட்டலம் இருந்தது. அதில் மல்லிகைப் பூ என்று அம்மா பிறகு சொன்னாள்.

படகைத் தள்ளிக்கொண்டு போக நீண்ட மூங்கில் கம்புகள் இருந்தன. மீன்கார அய்யா சின்னத் தோணியான தன் ஓருவில் முன்னால் போனார். தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. பட்டுப்போன மரங்களின் தலைகள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன, அவற்றின் மேல் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. மாமா முன்னால் நின்று மலையைப் பார்ப்பார், ஒரு பாறையைப் பார்ப்பார், கையால் பழைய றோட்டின் வளைவைப் போட்டுப் பார்ப்பார். “இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம்” என்பார். வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது.

ஓர் இடத்தில் அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு மாமாவின் பக்கத்தில் போனார். நான் அப்பாவின் காலடியில் உட்கார்ந்திருந்தேன்.

“நானா, இடம் சரியாத் தெரியுதா?”

“எப்படித் தம்பி தெரியும்? றோட்டும் இல்ல, பள்ளிவாசலும் இல்ல. எல்லாப் பக்கமும் ஒரே தண்ணியா ஈக்கி.”

“அப்ப இங்கயே நிப்பாட்டுங்க. இடம் எங்கனா இருந்தா என்னா? அவங்க மனசு ஆறுனாப் போதும்.”

மாமா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். பிறகு திரும்பி, சத்தமாகச் சொன்னார்: “இதுதான். இதுக்குக் கீழதான் நம்மட மையவாடி.”

அப்பா நல்ல மனிதர். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு இப்போது அன்றைய அப்பாவை விட வயது கூடிவிட்டது. இன்னும் அந்த வார்த்தையை என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை.

படகு அந்த இடத்தை விட்டு ஓர் அடி கூட நகரக் கூடாது என்று மாமாவுக்குப் பிடிவாதம். முன்னால் ஒரு பட்ட மரம், பின்னால் ஒரு பட்ட மரம். இரண்டிலும் கயிற்றை விறைப்பாக, குறுக்கிக் கட்டினார். மகாவலிக் கரையில் வளர்ந்தவர்கள் அப்படித்தான் கட்டுவார்கள், ஆறு இழுக்கும் என்று. அவர் வாழ்ந்த நாளெல்லாம் அவருக்கு அது ஆறுதான். அணைக்கட்டுத் தண்ணீர் இழுக்காது, அது இறங்கும். மழை இல்லாத மாதத்தில் மின்சாரத்துக்கும் கீழே வயல்களுக்கும் திறந்துவிடுவார்கள். அதை அவர் நினைக்கவில்லை. அய்யா அதற்குள் தன் வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மாமி படகின் ஓரத்தில் முட்டுக்காலிட்டு உட்கார்ந்தார். பூவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டார். உதடு அசைய நெடுநேரம் ஓதினார். பிறகு முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, கீழே ஏதோ தடவுவது போல மெதுவாக அசைத்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சித்தப்பா கூடப் பகிடி விடவில்லை.

அன்று பின்னேரம் மாமி இரண்டு அகப்பை சோறு சாப்பிட்டார். “மகன், இங்க வா, தலைக்கு எண்ண வைக்கிறேன்” என்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவருடைய விரல்கள் என் தலைக்குள் ஓடியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மாமா தூரத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சை பாஸான பிள்ளையின் முகம் போல இருந்தது அவர் முகம்.

மறுநாள்தான் எல்லாம் பிசகத் தொடங்கியது. விடியற்காலையில் சித்தப்பா தூண்டில் போட்டுப் பெரிய பெரிய மீனாகப் பிடித்துவிட்டார். அம்மா யோசிக்காமல் மஞ்சள் தடவிப் பொரிக்க ஆரம்பித்தாள். வாசனை எழும்பியதும் மாமி சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு முன்பக்கம் போய்விட்டார். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஐயோ ராத்தா! என் புத்தியச் செருப்பால அடிக்கணும்” என்று சட்டியோடு எல்லாவற்றையும் தண்ணீரில் கவிழ்த்தாள்.

“பரவால்ல தங்கச்சி. நீ என்னத்துக்கு அழுற? புள்ளைகளுக்குக் கருவாடு சுட்டுக் குடு” என்றார் மாமி. அவர் திட்டியிருந்தால் அம்மாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சட்டி மூழ்கியது. பத்து மணி போல வானொலிப் பெட்டி தானாக நகர்ந்து போய் விளிம்பைத் தாண்டித் தண்ணீரில் விழுந்தது. அக்காதான் தள்ளினாள் என்று அவளுக்கு ஒரு குட்டு விழுந்தது. பிறகு தேத்தண்ணிக் கேத்தல் நகர்ந்தது. பிறகு என்னுடைய ஒரு ரப்பர் செருப்பு. பலகைத் தளம் ஒரு பக்கம் சரிந்திருப்பது பகலுணவு நேரத்தில்தான் பெரியவர்களுக்குத் தெரிந்தது. படகின் ஒரு பக்கம் அடியில் எதிலோ தட்டி உட்கார்ந்திருந்தது. மறுபக்கம் தண்ணீரோடு இறங்கிக்கொண்டிருந்தது. கயிறுகள் வில் நாண் போல விறைத்து நின்றன. கத்தியைக் கொண்டு வருவதற்குள் பின்கயிறு அறுந்து அப்பாவின் கன்னத்தில் அடித்தது. அடுப்புப் பெட்டி சரிந்து, மண்ணும் கொள்ளியும் அரிசி மூட்டையின் மேல் கொட்டின.

“உல்லாசப் பயணம்” என்றார் சித்தப்பா, கன்னத்தில் ரத்தத்தோடு நின்ற அப்பாவைப் பார்த்து. யாரும் சிரிக்கவில்லை.

தள்ளிப் பார்த்தார்கள், படகு அசையவில்லை. சத்தம் போட்டுப் பார்த்தார்கள், கரை தூரம். அன்றிரவு எல்லோரும் சரிந்த பலகையில் கால் உதைத்துக்கொண்டு படுத்தோம்.

மூன்றாம் நாள் காலையில் நான் எழும்பியபோது பெரியவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. படகு ஒரு சீமெந்துத் தளத்தின் மேல் குந்தியிருந்தது. பக்கத்தில், தண்ணீரிலிருந்து, நீளமாக ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சேறு மூடி, தாழ்ந்த மதில் மாதிரி.

“பள்ளிவாசல் மதிலா இருக்குமோ நானா?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

“ஓம், மையவாடி மதில்தான். வேற என்ன?” என்றார் மாமா. தான் குத்துமதிப்பாகச் சொன்ன இடம் உண்மையாகவே அதுதானோ என்று அவருக்கே ஒரு ஆசை வந்துவிட்டது போல.

மாமி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு படகிலிருந்து இறங்கினார். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான். “ராத்தா, சேறு, வழுக்கும்” என்று அம்மா கத்தியதை அவர் காதில் வாங்கவில்லை. போய், இரண்டு கையாலும் தண்ணீரை வாரி வாரி அந்த மதிலைக் கழுவினார். சேறு இறங்க இறங்க உள்ளே சிவப்பு வந்தது. சிவப்புப் பூச்சுப் பூசிய சீமெந்து. உட்காரும் உயரத்தில் அகலமாக, பின்னால் சாய்வு வைத்திருந்தது.

மாமி கழுவுவதை நிறுத்தினார்.

“இது மையவாடி இல்ல” என்றார்.

மாமா குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார்.

“இது பஸ் ஸ்டேண்ட். இது கண்டி பஸ்ஸுக்கு நிக்கிற பெஞ்சி.”

“தண்ணிக்குள்ள எனக்கு எப்படித் தெரியும்? நான் நெனச்சேன்…”

“இதுலதான் உக்காந்திருந்தேன். புள்ளைக்கு மேலெல்லாம் நெருப்பாக் கொதிச்சிச்சி. வலிப்பு வந்து வந்து போச்சி. நான் கடைக்கு வந்து செல்லல்லயா? நீங்க என்ன சென்னீங்க?”

மாமா படகின் கூரைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“செல்லுங்களேன். இவங்களும் கேக்கட்டும்.”

“சந்தை நாள்… நீ முன்னால போ, நான் கடையப் பூட்டிட்டுப் பின்னால வாரேன்னு சென்னேன்.”

“பஸ் ஒண்ணும் வரல்ல. வெயில் இந்தப் பக்கத்துலருந்து அந்தப் பக்கம் போகும் வரைக்கும் இருந்தேன். கடை இங்கருந்து கூப்பிடுற தூரம். நீங்க வரல்ல. புள்ள மடியிலயே ஆறிப்போச்சி.”

இவ்வளவு காலமும் எல்லோரும் மையவாடியையே நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் புருஷனோடு பேசாதது எலும்பை எடுக்காததற்காக என்று மஹய்யாவ முழுக்க நினைத்தது. மாமாவும் அப்படித்தான் நினைத்திருந்தார். அதற்காகத்தான் பீப்பாய் கட்டி, பலகை அடித்து, இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் அடித்த பலகை கூட அன்று பூட்டாத அந்தக் கடைக் கதவுதான். அதை அந்த நேரத்தில் யாராவது நினைத்தார்களா என்று தெரியாது. நான் இதை எழுதும்போதுதான் நினைத்தேன்.

மாமி அந்தப் பெஞ்சியில் உட்கார்ந்தார். ஈரத்திலேயே, சேற்றிலேயே, மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு.

கொஞ்ச நேரத்தில் மீன்கார அய்யா எங்களைத் தேடி ஓருவில் வந்துவிட்டார். படகு கிடந்த கோலத்தைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். கீழே தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், குறுக்கிக் கட்டலாமா என்று சிங்களத்தில் ஏசினார். ஓரு சின்னது, இரண்டு இரண்டு பேராகத்தான் ஏற்ற முடியும். முதலில் அக்காவையும் என்னையும் ஏற்றினார்கள். மாமி எழும்பவில்லை. அம்மா கெஞ்சினாள். அப்பா கூப்பிட்டார். அப்போது மாமா படகிலிருந்து இறங்கி, தண்ணீரில் நடந்து போய், மாமியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அணைக்கவில்லை, அழவில்லை. ஒரு ஆள் உட்காரும் இடைவெளி விட்டு உட்கார்ந்தார். ஓரு தள்ளிப் போகப் போக நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். சுற்றிலும் தண்ணீர். நடுவில் இரண்டு பேர், ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் போல.

எல்லோரையும் கரை சேர்த்த பிறகு கடைசியாகத்தான் அவர்கள் இருவரும் வந்தார்கள். படகை அங்கேயே விட்டோம். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறியபோது பீப்பாய்கள் தனித்தனியாக மிதந்து போனதாக அய்யா ஒரு தடவை கடைக்கு வந்து சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், காரணம்தான் தெரியாது. மாமி எங்கே போவதானாலும், ஆஸ்பத்திரிக்கோ அவருடைய நானா வீட்டுக்கோ, மாமா கடையைப் பூட்டிவிட்டுப் பஸ் தரிப்பிடத்துக்கு வந்து பக்கத்தில் நிற்பார். சம்பள நாளாக இருக்கட்டும், வாசலில் பத்துப் பேர் நிற்கட்டும், பலகைகளை ஒவ்வொன்றாக அடைப்பார். “சீனி வாங்க வந்தா முதலாளி பொண்டாட்டியப் பஸ் ஏத்தப் போயிட்டாரு” என்று நாம் எத்தனை தடவை சிரித்திருக்கிறோம். “புது மாப்பிள்ளைடா” என்று நம்மில் ஒருவன் அவர் காதுபடவே சொன்னான். மாமா பலகையை அடைத்துக்கொண்டே இருந்தார். சாகும் வரை அப்படியே செய்தார். மாமி ஒருநாளாவது அவரோடு பேசிக்கொண்டு நின்றதை நான் பார்க்கவில்லை.

மாமா இறந்த பிறகு ஒருநாள், நான் வேலை விட்டு வரும்போது மாமி தரிப்பிடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். எனக்குப் பேச வராது. பேசாமல் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“நீ வீட்டுக்குப் போ மகன். தனிய நிக்க எனக்குப் பழக்கம்தானே.”

“பஸ் வரட்டும் மாமி.”

பஸ் அன்று சீக்கிரம் வரவில்லை. வெகுநேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “அவர் எத்தன வருஷம் வந்து நின்னாரு. போதும்னு ஒரு தடவ நான் சென்னிருக்கலாம். வாய் வரல்ல.”

நான் படிப்பும் இல்லாதவன், பேச்சும் இல்லாதவன். அவருடைய பையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கண்ணில் பட்ட நேரமெல்லாம் நின்றிருக்கிறேன். கண்ணில் படாத நேரங்கள்தான் அதிகம்.

மாமியின் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனபோது நானும் பின்னால் நடந்தேன். சந்தூக்குப் பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றி வேகமாகக் கொண்டுபோனார்கள். அந்தப் பஸ் தரிப்பிடத்தைக் கடந்தபோது யாரும் வேகத்தைக் குறைக்கவில்லை, குறைக்கவும் தேவையில்லை. நான் மட்டும் கொஞ்சம் நின்றேன். பெஞ்சியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்குச் சுகமா என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. அவளுடைய பஸ் வரும் வரை அங்கேயே நின்றேன். பிறகு மையவாடிக்கு ஓடிப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது மண் போட்டு முடிந்திருந்தது.

மஹய்யாவ,
2025 செப்டம்பர் 7, பௌர்ணமிப் போயா ஞாயிறு.